புள்ளிக்கு அடியில் எலும்பு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அதை மறைக்க எனக்கு அவசியம் இல்லை. கீழ்பென்னாத்தூர் போகும் வழியில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் இரண்டு யானைகள் துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றனவே, அவை என் யானைகள். அடி அண்ணாமலையில் கடப்பாறை போட்டால் தீப்பொறி பறக்கும் பாறையில் தண்ணீர்த் தொட்டி கட்டியவன் நான். பேருந்து நிலையத்தைச் சுற்றி இருக்கிற லாட்ஜுகளில் பாதிக்குமேல் என் கை பட்ட படிக்கட்டுதான். பௌர்ணமி வந்தால் ஊருக்குள் மணல் லாரி நுழைய முடியாது, ஆட்டோகூட வராது. கூட்டம் குறையட்டும் என்று மற்ற மேஸ்திரிகள் கை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். நான் சிமென்ட் மூட்டையைச் சைக்கிளில் வைத்து, கிரிவலம் வருகிற ஜனங்களுக்கு நடுவிலேயே தள்ளிக்கொண்டு போய் வேலையை முடித்திருக்கிறேன். இந்த மாவட்டத்தில் எத்தனை ஐயப்பன் கோயில் புலிகள், எத்தனை அம்மன் கோயில் சிங்கங்கள் என் அச்சிலிருந்து வந்தவை என்று எனக்கே கணக்கு இல்லை. அப்பன் சொத்து இல்லை, சிபாரிசு இல்லை, படிப்பு இல்லை. கையும் கரணையும்தான்.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் ஒரு பள்ளிக்கூட விழாவில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர், பார்த்தால் நல்ல மனிதர்தான், என் பக்கம் சாய்ந்து கேட்டார்: "பெரியவரே, பாய்க்கு சிமென்ட் கலந்து குடுத்தது நீங்கதானா?"

சிமென்ட் கலந்து கொடுத்தவன்! அந்த ஒரு வார்த்தை என்னை இன்று வரை உறங்க விடவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். "மாமா, கொஞ்சம் கோவத்தக் கொறைச்சுக்கலாமா" என்று நடுவில் கேட்கிறாள். முடியாது என்று அதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

பாய் என்று நான் சொல்வது பெயின்டர் பாயை. பள்ளிவாசல் தெருவில் கடை வைத்திருந்தார். இந்த ஊரில் ஒரு காலத்தில் எந்தக் கடைப் பலகையைப் பார்த்தாலும் அவர் எழுத்தாகத்தான் இருக்கும். ஒல்லியான ஆள், எப்போதும் கட்டம்போட்ட லுங்கி, காதில் ஒரு பிரஷ். மற்றவர்கள் பென்சில் சொருகுகிற இடத்தில் அவர் பிரஷ் சொருகுவார், அதனால் காது மடல் எந்நாளும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். "இன்னா பாய், இன்னிக்கு காது பச்சை?" என்று கேட்டால், "பச்சைன்னா பேங்க் போர்டு, செவப்புன்னா கட்சி போர்டு, ஒண்ணுமே இல்லன்னா சோறு இல்லேன்னு புரிஞ்சிக்கோ மேஸ்திரி" என்பார். என்னைவிடச் சில வயது மூத்தவர். அவருக்கும் எனக்கும் நடந்த சண்டைகளைச் சேர்த்து வைத்தால் ஒரு மண்டபம் கட்டலாம். நான் கட்டிய மிருகங்களுக்கு வண்ணம் பூசியதெல்லாம் அவர்தான். வேறு யாரையும் நான் தொட விட்டதில்லை. அதுவும் உண்மை, எழுதிக்கொள்ளட்டும்.

ஊருக்கு வெளியே ஒரு தனியார் பள்ளிக்கூடம் புதிதாகக் கட்டினார்கள். வாசலில் மூன்று மிருகங்கள் வேண்டும் என்று அப்போதைய கரஸ்பாண்டண்ட் ஆசைப்பட்டார். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இருக்கிற சிங்கம், புலி, யானை வேண்டாமாம். சிறுத்தை ஒன்று, சீட்டா என்கிறார்களே அந்தச் சிவிங்கி ஒன்று, ஜாகுவார் ஒன்று. மூன்றும் மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், எது எது என்று பிள்ளைகள் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்பது அங்கே இருந்த விலங்கியல் டீச்சரம்மாவின் யோசனை. நல்ல யோசனைதான். சிறுத்தை நம் ஜவ்வாது மலைப் பக்கத்திலேயே நடமாடுவது. சிவிங்கி நம் நாட்டில் இருந்தது, வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள். இப்போது ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டிருப்பதாக டிவியில் காட்டினார்களே, அதுதான். ஜாகுவார் கடல் தாண்டி அமெரிக்கக் காட்டில் இருப்பது. டிவியில் வந்தது தவிர மற்ற விவரமெல்லாம் அன்று டீச்சரம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. என்னிடம் ஒரே ஒரு அச்சு. நான்கு காலில் நிற்கிற, வயிறு தடித்த, கழுத்து பருத்த உடம்பு. அதில் வார்த்த உடம்புக்குப் பிடரி வைத்தால் அம்மனுக்குச் சிங்கம், கோடு போட்டால் ஐயப்பனுக்குப் புலி. எந்தச் சாமியும் குறை சொன்னதில்லை, எந்த பக்தரும் குறை சொன்னதில்லை. அப்படி இருக்கும்போது, புள்ளி வைத்தால் சிறுத்தை ஆகிவிட்டுப் போகிறது என்றுதானே எவனுக்கும் தோன்றும்? பாய்க்கு அதில் சந்தேகமே இல்லை. "நீ மூணு உடம்பக் குடு மேஸ்திரி. வித்தியாசத்த நான் புள்ளியில காட்டறேன்" என்றார். இந்த வாக்கியத்தைப் படிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வித்தியாசம் புள்ளியில் இருக்கிறது என்று சொன்னவர் பாய். நான் இல்லை.

மூன்று உடம்பு வார்த்தேன். பாய் மூன்று விதமாகப் புள்ளி வைத்தார். டீச்சரம்மா வந்தார். மெலிந்த குரல், ஆனால் நழுவ விடாத ஆள். ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. மூணும் ஒரே மிருகமாத்தான் தெரியுது" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. "எப்படிங்க டீச்சர்? புள்ளி வேற வேறயாதானே இருக்குது?"

"புள்ளி வேறதாங்க. உள்ள இருக்கறது புலி."

பாய் கொஞ்சம் தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, தன் வேலையைத் தானே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆமா மேஸ்திரி. புலிக்கு அம்மை போட்டாப்ல கீது."

சிரிப்பு வந்துவிட்டது டீச்சரம்மாவுக்கு. எனக்கு வரவில்லை. வார்த்தது நான், கூலியாட்களை வைத்து வாசலில் தூக்கி நிறுத்தியது நான், அம்மை என்று சொல்கிறவர் என் பெயின்டர்!

டீச்சரம்மா எங்கள் இருவரையும் கம்ப்யூட்டர் அறைக்குக் கூட்டிப்போய் மூன்று மிருகங்களும் நடமாடுகிற படங்களைப் போட்டுக் காட்டினார். அங்கேதான் விஷயம் பிரிந்தது. பாய் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு புள்ளிகளைப் பார்த்தார். நான் பின்னால் சுவரில் சாய்ந்து நின்று நடையைப் பார்த்தேன். முப்பது வருஷமோ என்னமோ கம்பி கட்டியவன் கண் தோலில் நிற்காது. தோள்பட்டை எங்கே ஏறுகிறது, இடுப்பு எங்கே இறங்குகிறது, பாரம் எந்தக் காலில் விழுகிறது என்றுதான் போகும். சிவிங்கி ஓடியது. முதுகு வில் மாதிரி வளைந்து வளைந்து நிமிர்ந்தது. சின்னத் தலை, நீளக் கால், ஆழமான மார்பு, வயிறு எங்கே போயிற்று என்று தேட வேண்டிய இடுப்பு. அது பூனை ஜாதியே இல்லாத மாதிரி, வேட்டைநாய் மாதிரி இருந்தது. சிறுத்தை, தன்னைவிடப் பெரிய மானைக் கவ்விக்கொண்டு மரத்தில் ஏறியது. தணிந்த உடம்பு, நீண்ட உடம்பு, ஏறும்போது வால் ஒரு பக்கம் போய் உடம்பைப் பிடித்து நிறுத்தியது. ஜாகுவார் தண்ணீரிலிருந்து எழுந்து வந்தது. பெரிய தலை, அகன்ற தாடை, குட்டைக் கால், பீப்பாய் உடம்பு, வாலும் கட்டை.

வெளியே வந்ததும் பாயிடம் சொன்னேன். "பாய், ஓடற பஸ்ஸ தொரத்திப் புடிச்சு ஏறுவான் பாரு ஒருத்தன், அவன் சிவிங்கி. சாரத்துல செங்கல்லத் தூக்கினு ஏறறான் பாரு, அவன் சிறுத்தை. அரிசி மண்டியில மூட்டை தூக்கறான் பாரு, அவன் ஜாகுவார். மூணு பேருக்கும் ஒரே சட்டை போட்டுட்டா ஒரே ஆளாயிடுவானா? புள்ளியப் பாக்காத. எலும்பப் பாரு."

புள்ளியைப் பார்க்காதே, எலும்பைப் பார். சொன்னவன் நான். சொன்ன இடம் அந்தப் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறை வாசல். கேட்டவர் பாய். கேட்டுவிட்டு அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை. "எலும்பு யாருக்குத் தெரியும் மேஸ்திரி? ஜனங்க தோலத்தான் பாக்கும்" என்றார். அவர் சொன்னபடியேதான் இப்போது நடந்திருக்கிறது. அவரிடம் இதைச் சொல்லிச் சண்டை போடத்தான் அவர் இல்லை.

மூன்று உடம்பையும் உடைத்தேன். சம்மட்டியால் நானே உடைத்தேன், ஆள் விடவில்லை. பிறகு அச்சைத் தொடவில்லை. மூன்றுக்கும் தனித்தனியாகக் கம்பி வளைத்து, கோழி வலை சுற்றி, கையாலேயே பூச்சு ஏற்றினேன். சிவிங்கிக்குக் கால் நீளமாக வேண்டும், ஆனால் அவ்வளவு மெல்லிய காலில் சிமென்ட் உடம்பு நிற்க வேண்டும். நினைத்துப் பாருங்கள். யானையை நிறுத்துவது ஒரு வேலையா? தூண் மாதிரி நான்கு கால் கொடுத்தால் நின்றுவிடும். அந்த ஒல்லிப் பிசாசை நிறுத்த நான் பட்ட பாடு! இரண்டு முறை முன்பக்கமாகக் குப்புற விழுந்தது. கடைசியில் வாலைத் தரையோடு தொடவைத்து, வாலுக்குள் ஓடும் கம்பியை அடித்தளத்தோடு கட்டினேன். பார்க்கிறவர்களுக்கு அது வாலை ஊன்றித் திரும்பிப் பார்க்கிற மாதிரி இருக்கும். உண்மையில் அந்த வால்தான் ஐந்தாவது கால். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்ல வைத்துவிட்டார்கள்.

பாயின் பங்கை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த மனிதன் புள்ளி வைத்த அழகை நான் இன்னும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். சிவிங்கிக்கு வளையம் கிடையாது, நிறைந்த வட்டப் பொட்டுகள். அதற்கு அவர் பிரஷ்ஷையே எடுக்கவில்லை, கட்டைவிரலைக் கறுப்பு எனாமலில் தொட்டுத் தொட்டு வைத்தார். ஜாகுவாருக்குப் பெரிய பெரிய வளையம், வளையத்துக்குள் சின்னப் பொட்டுகள். அதற்கு முற்றிய வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி அச்சுப் போட்டார். விதை இருந்த இடமெல்லாம் உள்ளே புள்ளியாக விழுந்தது. அந்த வெற்றியில் மதி மயங்கிச் சிறுத்தைக்கும் வெண்டைக்காயைப் போட ஆரம்பித்துவிட்டார். டீச்சரம்மா ஓடி வந்து, "ஐயையோ பாய், சிறுத்தைக்கு வளையத்துக்குள்ள ஒண்ணும் இருக்கக்கூடாதுங்க" என்று நிறுத்தினார். "உள்ள காலியா? அப்ப வெண்டிக்கா வேலைக்கு ஆவாது" என்று சொல்லி, வைத்ததை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, சிறுத்தை முழுவதற்கும் மெல்லிய பிரஷ்ஷால் இதழ் இதழாக வளையம் போட்டார். வளையத்துக்கு உள்ளே இருக்கிற மஞ்சள், வெளியே இருக்கிற மஞ்சளைவிட ஒரு துளி பழுப்பாக இருக்க வேண்டும் என்பதை அவர் கண்தான் கண்டுபிடித்தது. டீச்சரம்மாவே, "ஆமாங்க, நான்கூட கவனிக்கல" என்றார். கடைசியில் சிவிங்கியின் கண்ணோரத்திலிருந்து வாய் வரை ஒரு கறுப்புக் கோடு இழுத்தார், அழுது அழுது தடம் விழுந்த மாதிரி. மற்ற இரண்டுக்கும் அந்தக் கோடு கிடையாது. அந்தக் கோடு விழுந்ததும் சிமென்ட்டுக்கு உயிர் வந்ததை நான் பார்த்தேன். பேப்பரில் சிறுத்தை ஊருக்குள் வந்தது என்று செய்தி போட்டு, அவசரத்தில் சிவிங்கி படத்தைப் போடும்போதெல்லாம், அந்தக் கோட்டை வைத்துத்தான் நான் பிடித்துவிடுகிறேன்.

வேலை முடிந்ததும் பாய் பீடத்தின் ஓரத்தில் தன் பேரையும் 'ஆர்ட்ஸ்' என்ற சொல்லையும் சின்னதாக எழுதினார். அது பெயின்டர் வழக்கம். டீக்கடைப் பலகையாக இருந்தாலும் கீழே பேர் இருக்கும். கொத்து வேலைக்காரன் எங்கே எழுதுவது? எங்கள் வேலை முடிகிற இடத்தில்தான் அடுத்தவன் வேலை ஆரம்பிக்கிறது. எழுதினாலும் அதன்மேல் ப்ரைமர் அடித்துவிடுவான். அதை நான் அன்று ஒரு குறையாகவே நினைக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே, யாராவது மறந்துபோவார்களா என்று இருந்தேன்.

மறந்தார்கள். பழைய கரஸ்பாண்டண்ட் காலமாகி, அவர் மகன் இப்போது பொறுப்பில் இருக்கிறார். டீச்சரம்மா ஓய்வு பெற்று ஊரை விட்டே போய்விட்டார். போன வருஷம் பாயும் போய்விட்டார். அந்த மூன்று மிருகங்களைப் பிள்ளைகள் போட்டோ எடுத்துப் போட, அதை யார் யாரோ பார்க்க, பள்ளிக்கூடத்துக்கு நல்ல பேர். உடனே பாய் நினைவாக ஒரு பலகை வைப்பது என்று முடிவாகி, பாயின் நண்பன் என்று எனக்கும் அழைப்பு வந்தது. வெள்ளை வேட்டி சட்டையில் போனேன். என் நண்பனுக்கு மரியாதை செய்கிறார்கள், சந்தோஷமாகத்தான் போனேன்.

திரையை விலக்கினார்கள். 'இம்மூன்று உருவங்களையும் படைத்தவர்' என்று போட்டு, பாய் பேர் மட்டும். அதன் கீழே பெரிய எழுத்தில்: 'புள்ளியைப் பார்க்காதே, எலும்பைப் பார்.' அதுவும் பாய் சொன்னதாம்! பழைய மாணவி ஒருத்தி எழுந்து, சின்ன வயதில் அவர் பூசும்போது பக்கத்தில் நின்று தன் காதாலேயே கேட்டதாகச் சொன்னாள். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. பாயும் திருடியிருக்க மாட்டார். கூட வேலை செய்கிறவன் பேச்சு நாக்கில் ஒட்டிக்கொள்ளும். அவர் "எங்க மேஸ்திரி சொல்வாரு" என்று ஆரம்பித்துத்தான் சொல்லியிருப்பார், எனக்கு அவரைத் தெரியும். பிள்ளைகள் மனதில் பின்பாதி நின்றது, முன்பாதி போய்விட்டது. ஆனால் பலகை எழுதினவர்கள் பிள்ளைகள் இல்லையே! வாழ்நாள் முழுவதும் தோலுக்கு வண்ணம் அடித்துச் சோறு தின்ற மனிதன், தோலைப் பார்க்காதே என்று சொல்லுவானா? கொஞ்சம் யோசித்திருந்தால் இது அடுத்தவன் பேச்சு என்று தெரிந்திருக்காதா? அந்த நேரத்தில்தான் பக்கத்து நாற்காலிக்காரர் என்னிடம் சிமென்ட் கலந்தது நீங்களா என்று கேட்டார்.

பாய் சார்பில் அவர் மனைவிக்குப் பொன்னாடை போட்டார்கள். கை வலிக்கிற வரை தட்டினேன். இறங்கி வந்த அந்த அம்மா நேராக என்னிடம் வந்தார். "அண்ணே, உங்க பேரு எங்கண்ணே? நான் மேலயிருந்து கீழ வரிக்கும் படிச்சுப் பாத்தேன், காணமே. அவரு இருந்தா இத்த ஒத்துக்கினு இருப்பாரா? போய்க் கேளுண்ணே."

கேட்டேன். இளைய கரஸ்பாண்டண்ட் மரியாதையாகத்தான் பேசினார். "பெரியவரே, நீங்களும் வேலை செஞ்சீங்கன்னு இப்பதான் கேள்விப்படறேன். ஆனா பீடத்துல அவரு கையெழுத்து இருக்குது. உங்க கையெழுத்து எங்க இருக்குதுங்க?"

"உள்ள இருக்குது தம்பி."

"உள்ளன்னா?"

"பெயின்ட்டுக்கு உள்ள."

பக்கத்தில் நின்ற ஆபீஸ்காரர் சிரித்துக்கொண்டே, "அப்ப சுரண்டிப் பாத்துட்டா போச்சு சார்" என்றார். இளையவர், "அப்படிப் பாக்கலாமுங்களா?" என்று என்னையே கேட்டார்.

சுரண்டினால் தெரியும். சிவிங்கியின் இடுப்புக் குழிவு கரணைக்குப் படியவில்லை. ஈரப் பூச்சில் உள்ளங்கையை வைத்து அழுத்தி அழுத்தித்தான் அந்த ஒடுக்கத்தைக் கொண்டுவந்தேன். விரல் ஐந்தும் அங்கே அப்படியே பதிந்திருக்கிறது. ப்ரைமர் அடிக்கும்போது பாய் அதைப் பார்த்துவிட்டு, "மேஸ்திரி, உன் கையி மேலயே அடிக்கறேன், கூச்சப்படாத" என்று சொல்லிச் சிரித்தார். கம்பி பிரஷ் போட்டு நாலு இழுப்பு இழுத்தால் என் கை வெளியே வந்துவிடும். ஆனால் அந்த இடத்தில் வரிசையாக இருப்பது பாய் கட்டைவிரலால் வைத்த பொட்டுகள். என் கை வெளியே வர வேண்டுமானால் அவர் விரல் போக வேண்டும்.

"ஒரு பொட்டு மேல கைய வெச்சீங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த மைதானத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

ஆகவே அந்தப் பள்ளிக்கூடத்தாருக்கு நான் எழுத்தில் கேட்டுக்கொள்வது, கேட்டுக்கொள்வது என்ன, சொல்வது இதுதான். அத்தாட்சி இருக்கிறது, காட்ட மாட்டேன். காட்டாமலே நீங்கள் நம்ப வேண்டும். அந்தப் பலகையை எடுத்துவிட்டு வேறு பலகை வையுங்கள். உடம்பு கட்டியது மேஸ்திரி, வண்ணம் கொடுத்தது பாய் என்று எங்கள் இருவர் பேரும் அதில் வர வேண்டும். எலும்பைப் பார் என்ற வாக்கியம் என் பேருக்குக் கீழே வர வேண்டும். வெண்டைக்காய் யோசனையைப் பாய் பேருக்குக் கீழே போடுங்கள், அதை நீங்கள் போடவே இல்லை, அது அவருக்குச் செய்த அநியாயம். வயதில் மூத்தவர், காலமானவர், அவர் பேரை முதலில் போட்டு என் பேரைப் பின்னால் போடலாமா என்று மருமகள் கேட்கிறாள். கூடாது. எலும்பு நின்ற பிறகுதான் தோல். என் பேர்தான் முதலில்.